குதிரை பார்த்துக்கொண்டிருந்த கட்டம்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் ஒன்றுகூடினால் பேச்சு எப்படியும் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வராத அந்த யுத்த வருஷங்களுக்குப் போய்விடும். ஜாம் போத்தல் விளக்கு, சவர்க்காரம் இல்லாமல் உடுப்புத் தோய்த்தது, சைக்கிள் சில்லைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டது என்று ஆளுக்கொன்றை எடுத்து வைப்பீர்கள். நான் பெரும்பாலும் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன். என்னிடம் இருப்பது ஒரு செஸ் விளையாட்டின் கடைசி இரண்டு நகர்வுகள். அதை உங்கள் நடுவில் கொண்டுவந்து வைத்தால் யாருக்கு என்ன என்றுதான் இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தேன். செஸ் தெரியாதவர்களும் கேட்கலாம். அரசனைத் தப்ப வழியில்லாமல் மடக்கினால் விளையாட்டு முடிந்தது, ராணிதான் எல்லாவற்றிலும் வலிய காய். இவ்வளவும் தெரிந்தால் போதும்.

எங்களுக்கு நீர்வேலியில் வாழைத் தோட்டம். மண்ணெண்ணெய் வராமல் போனதும் நீரிறைக்கிற மெசினைப் படங்குச் சீலையால் மூடிக் கட்டிவிட்டு, ஐயா பழைய கிணற்றுத் துலாவை மறுபடி பூட்டினார். விடியத் தொடங்கினால் அதன் கிறீச்சுச் சத்தம்தான் வளவு முழுக்க. வகுப்பில் என்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்த இரண்டு பெட்டைகளும் அந்த வருஷம் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. அண்ணைக்குப் பதினேழு. மிச்சம் இருந்த ஒரே கூட்டாளி அவர்தான்.

அண்ணை பள்ளிக்கூடத்துச் செஸ் அணியில் இருந்தவர். மரத்தாற் செய்த காய்கள், ஒரு பால்மாத் தகர ரின்னுக்குள் போட்டு வைத்திருப்பார். திறந்தால் மெழுகு மணமும் பால்மா மணமும் சேர்ந்து வரும். என்னோடு விளையாடும்போது ஒருநாளும் விட்டுத்தந்து தோற்றதில்லை. நான் அழுதாலும் விடமாட்டார்.

"விட்டுத்தந்தா நீ என்னோடையோ விளையாடுறாய்?" என்று கேட்பார். அது எனக்குப் பெருமையாகவும் இருக்கும், கோபமாகவும் இருக்கும்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதம். வாழையிலையெல்லாம் கிழிந்து சரசரவென்று ஒரே இரைச்சல். காற்றுக்கு ஒதுங்கி நாங்கள் இருவரும் மெசின் கொட்டிலுக்குள் இருந்தோம். பழைய எண்ணெய் நாறிக்கொண்டிருந்த அந்தச் சீமெந்துத் தரையில் பலகையை விரித்து, அண்ணை நினைவிலிருந்தே ஒரு விளையாட்டை வைத்துக் காட்டத் தொடங்கினார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட விளையாட்டு. வெள்ளைக்காரர் தேசத்தில் ஒரு பாட்டு நாடகக் கொட்டகை. நாடகம் பார்க்க வந்த ஒரு கெட்டிக்காரனை இரண்டு பெரிய மனிதர்கள் தங்கள் தனி இருக்கைக்குக் கூப்பிட்டு, எங்களோடு விளையாடு என்று மறித்துவைத்துக்கொண்டார்களாம்.

"இவன் ஒருத்தன். எதிர்ப்பக்கம் ரெண்டு பேர், தங்களுக்கை கதைச்சுக் கதைச்சு வைக்கினம். இவனுக்கோ நாடகத்தைப் பாக்கோணும். கெதியா முடிக்கிறான் பார்," என்றார் அண்ணை.

வெள்ளைக் காய் வைத்திருந்த அந்தக் கெட்டிக்காரன் ஒரு குதிரையைக் கொடுத்தான். பிறகு ஒரு கோட்டையைக் கொடுத்தான். கொடுக்கக் கொடுக்க அவன் பக்கம் ஆள் குறைந்தது. ஆனால் மிஞ்சியவை எல்லாம் வேலையில் நின்றன. கறுப்பின் பக்கமோ ஒரு கோட்டையும் ஒரு மந்திரியும் தொடங்கின இடத்திலிருந்து ஒரு அடி அசையாமல் நின்றன. இரண்டு பேர் சேர்ந்து யோசித்தும் அவற்றை வெளியே கொண்டுவர அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அந்த இடத்தில் அண்ணை கையை எடுத்துவிட்டார்.

"இனி வெள்ளை வைக்கோணும். ரெண்டே ரெண்டு நகர்வு, கறுப்பு அரசன் முடிஞ்சான். கண்டுபிடி."

"நீங்களே சொல்லுங்கோ அண்ணை."

"சொன்னா இது என்ரை விடை. ஞாயிற்றுக்கிழமை கேப்பன்."

சனிக்கிழமை விடியற்காலை அண்ணை போனார். உடுப்பிட்டியில் பெரியம்மா வீட்டில் நின்று கணித வகுப்புக்குப் போகப்போகிறார் என்று அம்மா சொன்னார். ஐயாவின் சைக்கிள் கரியரில், ஒரு சின்னத் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணை இருந்தார். "ஞாயிற்றுக்கிழமை வருவியளோ?" என்று கேட்டேன். "வாறன்," என்றார். எங்கள் ஊரில் போகிறவனும் வாறன் என்றுதானே சொல்லுவான். அன்றைக்கு அதை நான் வேறு விதமாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்திருக்கிறது. வகுப்புக்குப் போகிறவர் தன் சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். கணிதப் புத்தகங்கள் அலுமாரியில் அப்படியே இருந்தன. ஐயா திரும்பிவர இரண்டு மூன்று நாள் பிடித்தது. வந்தபோது அவருடைய சாரத்தில் தொடை மட்டத்துக்குச் சேறு காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உடுப்பிட்டிப் பாதையில் ஏது சேறு, அதுவும் அந்தக் காய்கிற வெயிலில்? அம்மா அந்தச் சாரத்தை ஒரு வாளிக்குள் போட்டு மூடினார். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்ததை ஒன்றோடொன்று சேர்க்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, அண்ணை வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. "வகுப்புக் கூடவாம்," என்றார் அம்மா.

கொட்டிலில் பலகை அப்படியே இருந்தது. கோழி தட்டிவிடாமல் ஒரு பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தேன். சாப்பிட்டதும் போய்க் கடகத்தைத் தூக்குவேன். வெள்ளை ராணியும் கறுப்பு ராணியும் சாய்வாக, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. முதலில் எனக்குத் தோன்றியது கறுப்பு ராணியை வெட்டிவிடலாம் என்பதுதான். வெட்டினால் பக்கத்துச் சிப்பாய் திருப்பி வெட்டும், அதோடு எல்லாம் சப்பென்று போய்விடும். கோட்டையால் அதற்கு நேரே நின்ற கறுப்புக் குதிரையை வெட்டிப் பார்த்தேன். அரசனைச் சிப்பாயால் நெருக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அண்ணை என்ன சொல்லுவார் என்று நானே சொல்லுவேன். "கண்ணை மூடிக்கொண்டோ வைக்கிறாய்?" என்று அவருடைய குரலில் கேட்டுவிட்டு, "இல்லை அண்ணை, பொறுங்கோ," என்று என் குரலில் பதில் சொல்லுவேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கதை செஸ்ஸைத் தாண்டியும் போனது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, எந்த வாழை குலை தள்ளியிருக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். இரண்டு குரலிலும் கதைக்கும்போது கொட்டில் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

வேலிக்கு அங்கால் இருந்த பக்கத்து வீட்டு மாமிக்கு அது கேட்டிருக்கிறது.

"பிள்ளைக்கு என்னடி செய்யுது? மெசின் கொட்டிலுக்கை தனிய இருந்து ஆம்பிளைக் குரலிலை கதைக்குது. உச்சி வெயிலுக்கை எங்கையேன் போய்ப் பயந்திட்டுதோ?" என்று வேலியில் ஆள் புகுகிற பொட்டுக்குள்ளால் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா என்னை வைரவர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பூசாரி வேப்பிலையால் தலையைத் தடவி, முகத்தில் தண்ணீர் தெளித்து, கையில் கறுப்பு நூல் கட்டினார். "ஆரோடை பிள்ளை கதைக்கிறாய்?" என்று கேட்டார். "அண்ணையோடை," என்றேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. நோகிற அளவுக்குப் பிடித்தது. திருநீற்றை வாங்கி என் நெற்றியில் பூசும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கொட்டிலில் வாயைத் திறக்காமல் இருந்து யோசித்தேன். வீட்டில் ஐயாவும் அம்மாவும் அதற்கு முன்னரே கதைப்பதைக் குறைத்துவிட்டார்கள். சோற்றுக் கோப்பையில் கை படுகிற சத்தம் மட்டும் கேட்கும். அண்ணையின் கோப்பையை அம்மா அடுக்கில் கடைசியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்.

விடை ஒரு மத்தியானம் வந்தது. எனக்கு அந்தக் கறுப்புக் குதிரையில் பெரிய கோபம். எதை யோசித்தாலும் அது வந்து குறுக்கே நிற்கும். உன்னைப் பார்க்கவே மாட்டேன் என்று உள்ளங்கையால் அதைப் பொத்தினேன். பொத்தியதும் பலகை வேறாகத் தெரிந்தது. என் கோட்டைக்கு முன்னால் பாதை நேரே திறந்துகிடந்தது, கறுப்பு அரசனுக்குப் பக்கத்துக் கட்டம்வரைக்கும். தூரத்தில் நின்ற என் மந்திரி அந்தக் கட்டத்தையும் காத்துக்கொண்டு, அரசன் இறங்கி ஓடக்கூடிய கட்டத்தையும் அடைத்துக்கொண்டு நின்றது. மற்றப் பக்கத்தை அரசனின் சொந்த மந்திரியே, அந்த அசையாத மந்திரியே, அடைத்து நின்றது. இந்தக் குதிரை மட்டும் இல்லாவிட்டால் முடிந்தது.

அப்படியென்றால் குதிரையை யார் கூப்பிடுவது?

கையை எடுத்தேன். குதிரை எங்கே பாயும் என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். பலகையின் கடைசி வரிசையில், முன்னமே வெட்டுப்பட்டுப் போன மற்றக் கறுப்புக் குதிரை தொடங்கின வெறும் கட்டம் ஒன்று இருந்தது. இந்தக் குதிரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் ராணியால் நேரே அங்கே போகலாம். போனால் அரசனுக்குச் செக். அரசனால் நகர முடியாது. குறுக்கே வைக்க ஒன்றும் இல்லை. குதிரை ராணியை வெட்டித்தான் ஆகவேண்டும், அதற்கு வேறு தெரிவே இல்லை. வெட்டினால் பாதை திறக்கும்.

நான் அந்தக் கட்டத்தை அதற்கு முன் ஒரு தரமும் பார்த்ததில்லை. குதிரை பார்த்துக்கொண்டிருக்கிற கட்டத்தில் யார் ராணியைக் கொண்டுபோய் வைப்பார்கள்? அந்தக் கெட்டிக்காரன் இருக்கிறதிலேயே பெறுமதியானதைத் தூக்கி, இந்தா என்று வைத்துவிட்டு, ஒரு கோட்டையும் ஒரு மந்திரியும் போதும் என்று நிற்கிறான். கறுப்பிடம் ராணி இருக்கிறது, கோட்டை இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, ஒன்றும் உதவவில்லை. எனக்கு உடம்பு புல்லரித்தது. பிறகு எத்தனையோ விளையாட்டுகள் பார்த்திருக்கிறேன், அந்த மத்தியானத்தின் புல்லரிப்பு மறுபடி வரவில்லை.

எழுந்து தோட்டத்துக்கு ஓடினேன்.

"ஐயா! ராணியைக் குடுக்கோணும்!"

துலாக்கொடியைப் பிடித்தபடி ஐயா திரும்பிப் பார்த்தார். "ஆருக்கு?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்க, தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு மற்றப் பக்கம் ஓடியது. மண்வெட்டியோடு அங்கே போய்விட்டார். அம்மா அடுப்படியில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். அவரிடம் செஸ் என்ற சொல்லையே எடுக்கப் பயமாக இருந்தது, இன்னொரு நூல் கட்டிவிடுவார் என்று. கொட்டிலுக்குத் திரும்பி வந்து பலகைக்கு முன்னால் இருந்தேன். கண்டுபிடித்த சந்தோஷம் அப்படியே கைக்குள் கனத்தது. சொல்ல ஒருத்தரும் இல்லை. அந்த மத்தியானம்போல நான் தனித்துப்போன நேரம் பிறகு பெரிய பெரிய துயரங்களிலும் குறைவு.

அடுத்தநாட் காலை, அம்மா சாமானுக்குச் சங்கக்கடை வரிசையில் நிற்கப் போன பிறகு, அண்ணையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு உடுப்பிட்டிக்கு வெளிக்கிட்டேன்.

பாதை தெரியும், ஒரே நேர் றோட்டு. கச்சான் முதுகில் பிடித்துத் தள்ளியது. புத்தூர், ஆவரங்கால் தாண்டும் மட்டும் பெரிய வீராங்கனை நான். வல்லை வெளியில் இறங்கியதும் அந்த வீரம் போய்விட்டது. மரம் இல்லை, வீடு இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு வெளியும் காற்றும்தான். நடுவில் போகும்போது ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. சைக்கிளைச் சரித்துவிட்டு ஒரு மதகுக்குக் கீழே போய்க் குந்திக்கொண்டு, காதைப் பொத்தினேன். அது பலாலி ஆமிக் காம்ப் பக்கம் தூரத்தாலேயே போய்விட்டது. ஆனாலும் நான் வெகுநேரம் எழும்பவில்லை. அண்ணையிடம் எந்தச் சொல்லில் தொடங்குவது என்று யோசித்து என்னை நானே தேற்றிக்கொண்டேன். குதிரையைப் பொத்தினன் அண்ணை, அதோடை தெரிஞ்சுது. அப்படித் தொடங்கலாம் என்று முடிவெடுத்தேன்.

பெரியம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு விளக்குமாற்றைப் போட்டார்.

"எடி பிள்ளை! ஆரோடை வந்தனி?"

"தனியத்தான். அண்ணை எங்கை பெரியம்மா? வகுப்புக்குப் போட்டாரோ?"

"எந்த அண்ணை?"

"என்ரை அண்ணை."

பெரியம்மா என்னையே பார்த்தார். "கொண்ணை இஞ்சை வரேல்லையே பிள்ளை. பொங்கலுக்கு வந்ததுக்குப் பிறகு நான் அவனைக் காணேல்லை."

நான் அதை நம்பவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தேன், பின் கோடியில் பார்த்தேன், கிணற்றடியில் பார்த்தேன். ஒரு கொடியிலும் அவருடைய சேட்டு இல்லை. திரும்பி வரும்போது பெரியம்மா முற்றத்து மண்ணிலேயே குந்திக்கொண்டு, "ஐயோ, பொடியன் இயக்கத்திலை சேர்ந்து சண்டைக்குப் போட்டானோ? ஒருத்தருக்கும் சொல்லாமல் மறைக்கினமோ?" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். ஓடிவந்த பெரியப்பா, "சத்தம் போடாதை, சத்தம் போடாதை," என்று அவரின் வாயைப் பொத்தினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சொல்ல வந்த விடைக்கு அங்கே ஆள் இல்லை என்பது மட்டும் விளங்கியது.

அன்று பின்னேரமே பெரியப்பா என்னோடு சைக்கிளில் கூட வந்தார். இப்போது காற்று முகத்துக்கு எதிரே. வல்லை வெளி முழுக்க உருட்டிக்கொண்டுதான் நடந்தோம்.

அம்மா படலை வாசலில் நின்றார். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. ஊரெல்லாம் என்னைத் தேடியிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் ஓங்கி ஒரு அறை விட்டார். அதே கையால் இழுத்து அணைத்துக்கொண்டார்.

"எங்கை பொடியன்?" என்று பெரியப்பா கேட்டார்.

அம்மா எங்கள் எல்லாரையும் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். வேலிப் பக்கத்து யன்னலையும் சாத்தினார். பிறகுதான் சொன்னார்.

"அத்தான், கத்தாதேங்கோ. அவன் கொழும்பிலை நிக்கிறான். வெளியிலை போக இயக்கத்திட்டைப் பாஸ் கேட்டாக் குடுக்கமாட்டினம், அந்த வயசு. இவர் கொண்டுபோய்க் கடல்நீரேரியாலை கடத்தி விட்டவர். அங்காலை வெளிநாட்டுக்கு அனுப்பப் பாக்கிறம். அக்காவுக்குக்கூடச் சொல்லேல்லை. வெளியிலை தெரிஞ்சா இவரைப் பிடிச்சுக்கொண்டு போடுவினம்."

பெரியப்பா நெடுமூச்சு விட்டார். ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா போன பிறகு நான் அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே? நான் ஒருத்தருக்கும் சொல்லியிருக்கமாட்டன்."

"சொல்லியிருக்கமாட்டாய். ஆனா அழுதிருப்பாய். நீ அழுதா மாமிக்குக் கேக்கும்," என்றார் அம்மா.

அவர் செய்தது சரியா பிழையா என்று அந்த வயதில் எனக்கு ஒரு கேள்வி இல்லை. இப்போது ஒரு மகளுக்குத் தாயாக இருந்து யோசித்தால், ஒரு பிள்ளையைக் காப்பாற்ற மற்றப் பிள்ளையின் மனதை அவர் கணக்கில் எடுக்காமல் விட்டார் என்று படுகிறது. கோயிலில் என் தோளை இறுக்கிய அந்தக் கையை நினைத்தால், கணக்கில் எடுத்தும் வேறு வழி தெரியாமல்தான் நின்றார் என்றும் படுகிறது.

"ஏன் போனனி?" என்று அம்மா கேட்டார்.

"அண்ணை ஒரு கேள்வி கேட்டவர். விடை கண்டுபிடிச்சிட்டன்."

"என்ன கேள்வி?"

கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. கடகத்தைத் தூக்கினேன். அம்மா சீமெந்தில் காலை மடித்துக்கொண்டு இருந்தார். அதுவரை செஸ் பலகைக்கு முன்னால் அவர் இருந்து நான் கண்டதில்லை. எந்தக் காய்க்கு என்ன பெயர் என்பதிலிருந்து சொன்னேன். பிறகு வெள்ளை ராணியைத் தூக்கி, அந்தக் கட்டத்தில் வைத்தேன்.

"குதிரை வெட்டாதோ?" என்று அம்மா உடனே கேட்டார்.

"வெட்டும். வெட்டத்தான் வேணும்."

"தெரிஞ்சுகொண்டோ வைக்கிறது?"

"ஓம்."

அம்மா அந்த ராணியை விரலால் தொட்டுப் பார்த்தார். நான் குதிரையால் அதை வெட்டி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"இனி உன்னட்டை என்ன மிச்சம்?"

"ஒரு கோட்டை. ஒரு மந்திரி."

"அது காணுமோ?"

"காணும் அம்மா." கோட்டையை நேரே தள்ளி, அரசனுக்குப் பக்கத்தில் வைத்தேன். "முடிஞ்சுது."

அம்மா பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சத்தம் வராமல் அழுதார். அழுது முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "மற்றாக்கள் கேட்டா உடுப்பிட்டியிலை எண்டே சொல்லு," என்றார். அடுத்தநாள் பக்கத்து வீட்டு மாமி கேட்டபோது அப்படியே சொன்னேன். அண்ணைக்கு வகுப்புக் கூடவாம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அண்ணை மாரி காலத்தில் ஒரு குளிர் தேசத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் வாய்ச் செய்தியாகச் சொன்னார். ஐயா அன்றைக்குத் தோட்டத்துக்குப் போகவில்லை. பிறகு நான் அண்ணையைக் கண்டபோது எனக்குக் கலியாணமாகி, அவருக்குத் தலை நரைத்திருந்தது. அதற்கு வெகு முன்னரே, ஆமி வருகுது என்று ஊரைவிட்டு எல்லாரும் வெளிக்கிட்ட அந்த மழைநாளில் பால்மா ரின் வீட்டோடு போயிற்று.

ஆனால் நாங்கள் வெளிக்கிடும்வரைக்கும் அந்த வருஷங்களில், வேலை ஓய்ந்த பின்னேரங்களில், அம்மா கொட்டிலுக்கு வருவார். "வா பிள்ளை, ஒண்டு போடுவம்," என்பார். எல்லாக் காயும் நகர்த்தப் பழகிவிட்டார். ஓரளவு நன்றாகவும் விளையாடுவார். ராணியை மட்டும் நகர்த்தமாட்டார். அதைச் சுற்றிச் சிப்பாயும் மந்திரியுமாக வேலி கட்டி வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பறிகொடுத்து, ஒவ்வொரு நாளும் தோற்பார்.

"அம்மா, ராணியை வெளியிலை கொண்டுவந்தாத்தானே வெல்லலாம்," என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

"தோத்தா என்ன பிள்ளை," என்பார் அம்மா. "அது அங்கை நிக்கட்டும்."